கிணற்றுநீரும் சிறுநீரும்

உடலை விட்டு அப்போதுதான் வெளியேறிய சிறுநீருக்குக் கடுமையான நெடி கிடையாது. பேருந்து நிலையங்களின் பின்சுவரிலும், மூத்திரச் சந்து என்ற பெயரில் ஏறத்தாழ எல்லாச் சிற்றூர்களும் தமக்கென ஒதுக்கி வைத்திருக்கும் இடுக்கிலும் கண்ணைக் கரிக்கச் செய்யும் நெடி, சிறுநீரில் கரைந்திருக்கும் யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றிய பிறகே எழுகிறது. யூரியா என்பது உணவிலுள்ள புரதத்தை உடல் பயன்படுத்தியபின் எஞ்சும் நைட்ரஜன் கழிவு. கல்லீரல் அதனை உண்டாக்க, சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. பசுமைப் புரட்சிக்குப் பின் உழவர் வீட்டுத் திண்ணைகளில் அடுக்கப்பட்ட உரமூட்டைகளுக்குள் இருந்ததும் தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட இதே பொருள்தான் என்பதால், தர்மபுரி மாவட்டத்தின் மானாவாரி ஊர்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த நெடி, மாடுகள் இரவெல்லாம் நின்ற கொட்டகையையும் ஈரம்பட்ட உரமூட்டையையும் பள்ளிக்கூடத்தின் பின்சுவரையும் ஒருசேர நினைவுக்குக் கொண்டுவருகிறது.

இக்கட்டுரையாசிரியர் வளர்ந்த பென்னாகரம் வட்டத்துச் சிற்றூரில் அந்நாளில் கழிப்பறை உள்ள வீடு ஒன்றுகூட இல்லை. இருப்பினும் சிறுநீரைப் பற்றிய பேச்சு இன்றைய வீடுகளில் இருப்பதைவிட அதிகமாகவும் கூச்சம் குறைவாகவும் இருந்தது. 1965-இல் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்து வெகுகாலமான பின்னும் தம் ஊரைச் சேலம் ஜில்லா என்றே சொல்லிவந்த அவருடைய ஆயா, காலையில் கொல்லைப்புறத்திலிருந்து திரும்பும் பேரப்பிள்ளைகளை நிறுத்தி, “மஞ்சளாப் போச்சா, வெள்ளையாப் போச்சா கண்ணு?” என்று கேட்பது வழக்கம். மஞ்சள் என்று பதில் வந்தால் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று பொருள். அன்றைய கம்பங்கூழில் மோர் கூடுதலாக ஊற்றப்படும். மஞ்சள் நிறம் சூட்டினால் வருவதன்று, முதிர்ந்து சிதையும் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் பல படிகளில் மாற்றமடைந்து யூரோபிலின் என்னும் நிறமியாகிச் சிறுநீரில் சேர்வதால் வருவது என்று இன்று விளக்கலாம். அம்மாற்றத்தின் ஒரு முக்கியப் படியைச் செய்துமுடிக்கும் குடல் பாக்டீரியாக்களின் நொதி அடையாளம் காணப்பட்டது 2024-இல்தான். ஆனால் நிறமியின் அளவு நாள்தோறும் பெரிதாக மாறுவதில்லை, அதைக் கரைக்கும் நீரின் அளவே மாறுகிறது என்பதால், மஞ்சள் அடர்ந்தால் நீர் குறைந்துவிட்டது என்று கொண்ட ஆயாவின் கணிப்பிலும் மோர் என்ற தீர்விலும் பிழை காண இடமில்லை.

அந்த நீர் உடலுக்குள் செல்லும் பாதை நீண்டது. முதுகுப்புறத்தில், கீழ் விலா எலும்புகளின் மறைவில், முதுகெலும்பின் இருபுறமும் அமைந்துள்ள சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் மட்டுமே உடையவை எனினும், இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், அதாவது ஒரு லிட்டருக்கும் சற்று மேலாக, அவற்றின் வழியே பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது சிறுநீரை உருவாக்கும் மிகச் சிறிய அலகு, அதன் தொடக்கத்தில் குளோமருலஸ் எனப்படும் நுண் ரத்தக்குழாய் முடிச்சும், அதனைச் சூழ்ந்த பௌமானின் கிண்ணமும், அங்கிருந்து வளைந்து நெளிந்து செல்லும் ஒரு நுண்குழலும் உண்டு. ரத்தத்தின் அழுத்தத்தால் அம்முடிச்சில் ரத்த அணுக்களும் பெரும் புரதங்களும் தவிர மற்ற யாவும், சர்க்கரை, உப்பு, அமினோ அமிலங்கள், யூரியா, நீர் என எந்த வேறுபாடும் பாராமல் கிண்ணத்துக்குள் வடிகின்றன. இவ்வாறு ஒரு நாளில் வடியும் நீர்மம் 180 லிட்டர். வெளியேறும் சிறுநீரோ ஒன்று முதல் இரண்டு லிட்டர்.

எஞ்சிய 178 லிட்டரும் குழலின் சுவர்களால் மீண்டும் ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படுகிறது. போகிப் பண்டிகைக்கு முன்னர் வீட்டிலுள்ள பானை, பாய், பெட்டி அனைத்தையும் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, வேண்டியவற்றை மட்டும் உள்ளே எடுத்துச் சென்று, மற்றவற்றை அங்கேயே விட்டுவிடும் பெண்களின் முறையே சிறுநீரகத்தின் முறையும் ஆகும். கழிவு எதுவென முன்கூட்டியே தெரிந்து அதை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளும் உறுப்பாக அது அமைந்திருந்தால், உடல் இதற்குமுன் கண்டிராத புதிய நச்சுப்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வழி தேவைப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் வெளியே வைத்து, தேவையானதை மட்டும் திரும்ப அழைத்துக்கொள்வதால், பெயர் தெரியாத பொருளும் தானாகவே வெளியேறிவிடுகிறது. பௌமானின் கிண்ணத்தை அடுத்த முதல் குழல்பகுதியிலேயே நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கும், குளுக்கோஸ் முழுவதும் மீட்கப்படுகின்றன. அடுத்து ஊசிவளைவு போல் கீழிறங்கி மேலேறும் ஹென்லேயின் வளைவு, சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்புச் செறிவை உயர்த்தி வைக்கிறது. இறுதியில் வரும் சேகரிப்புக் குழல் அந்தச் செறிவான பகுதியின் ஊடாகச் செல்லும்போது, இன்னும் எவ்வளவு நீரைத் திரும்ப எடுப்பது என்ற கடைசி முடிவு அங்கே எடுக்கப்படுகிறது.

அம்முடிவை அறிவிப்பது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகிப் பிட்யூட்டரி சுரப்பியின் வழியே ரத்தத்தில் கலக்கும் வாசோபிரசின் என்னும் ஹார்மோன். வேர்வை மிகுந்து ரத்தத்தின் உப்புச்செறிவு சற்றே உயர்ந்தாலும் அது கூடுதலாகச் சுரக்கிறது. சேகரிப்புக் குழலின் சுவர்களில் நீர் நுழையும் வாய்கள் திறக்கின்றன. சிறுநீர் குறைந்து அடர்கிறது. சித்திரை வைகாசி மாதங்களில் மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கமிருந்து அனல் வீசும் நாட்களில், நிலக்கடலைக் காட்டில் நாள் முழுவதும் குனிந்து நின்றவர்கள் மாலையில் ஒருமுறைதான் ஒதுங்கினார்கள் என்பது அவர்களுடைய உடல் கடைசிச் சொட்டு வரை சிக்கனம் பார்த்தது என்பதற்குச் சான்று. எவ்வளவு சிக்கனம் பார்த்தாலும், கழிவைக் கரைத்து வெளியேற்ற நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் சிறுநீராவது கட்டாயம் வேண்டும். அதற்கும் நீர் கிடைக்காதபோதுதான் எரிச்சலும் கடுப்பும் கல்லும் தொடங்குகின்றன.

நீர்க்கடுப்புக்கு ஊரில் இருந்த வைத்தியங்கள் பல. கால் பெருவிரல் நகத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவுவது, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் வைப்பது, வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் விழுங்குவது, சீரகத் தண்ணீர், நுங்கு, இளநீர், வாழைத்தண்டுச் சாறு, சிறுகண்பீளைச் செடியை வேரோடு பிடுங்கிக் காய்ச்சிய கஷாயம் என்று அவை நீளும். இவற்றுள் விரல் நகத்துச் சுண்ணாம்புக்குச் சிறுநீரகத்தோடு என்ன தொடர்பு என்று கேட்ட பேரனுக்கு, “தடவிட்டுக் குளுந்த தண்ணிய ரெண்டு சொம்பு குடிச்சுப் பாரு, தெரியும்” என்று ஆயா சொன்ன மறுமொழியிலேயே மருந்து எது என்பது இருக்கிறது. பட்டியலில் இருந்த பெரும்பாலான வைத்தியங்களின் உண்மையான பயன், நோயாளியைப் போதிய அளவு நீர் குடிக்க வைத்ததே என்று கருதலாம். காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்துகொண்ட கடுப்புக்கு, அதாவது கிருமித்தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்ட நிலைக்கு, அவை போதவில்லை என்பதையும் அதே ஊர் பலமுறை கண்டது. மார்கழியில் நிலைமை நேர்மாறு. பனியில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்க, உடலின் நடுப்பகுதியில் ரத்தம் மிகுந்து, நீர் கூடிவிட்டதாகக் கருதும் உடல் வாசோபிரசினைக் குறைத்துவிடுவதால், விடியற்காலைப் பஜனைக்குப் போன சிறுவர்கள் தெருமுனைக்குத் தெருமுனை வரிசையை விட்டு விலகி ஓட வேண்டியிருந்தது.

உருவான சிறுநீர் வெளியேறும் வழி, உருவாகும் வழியைப் போலச் சிக்கலானது அல்ல எனினும், மனிதரின் பழக்கவழக்கங்கள் அதிகம் குறுக்கிடுவது அங்கேதான். சிறுநீரகத்திலிருந்து கீழிறங்கும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர் நாளங்கள், வெறும் சரிவினால் அன்றித் தம் தசைச்சுவரின் அலைபோன்ற சுருக்கத்தினால் சிறுநீரைச் சிறிது சிறிதாகத் தள்ளுவதால், படுத்திருப்பவரின் சிறுநீர்ப்பையும் நிரம்புகிறது. பையில் 150 முதல் 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் முதல் உணர்வும், அதன் இருமடங்கை நெருங்கும்போது பொறுக்க முடியாத உந்துதலும் தோன்றுகின்றன. பையின் சுவர் விரிவதை இடுப்பு நரம்புகள் தண்டுவடத்தின் திருவெலும்புப் பகுதிக்குத் தெரிவிக்க, கைக்குழந்தையில் அங்கிருந்தே மறுமொழி திரும்பிப் பை சுருங்கிவிடுகிறது. வளர்ந்தவரில் மூளை இடையிட்டு, காலமும் இடமும் பார்த்து, தன் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட வெளிச்சுருக்குத் தசையை இறுக்கி வைத்துக்கொள்கிறது. இந்தக் கட்டுப்பாடு பகலில் முதலிலும் இரவில் பின்னரும் அமைவதால்தான் ஐந்து வயதுவரை பாய் நனைவது இயல்பாகிறது. நெருப்போடு விளையாடினால் இரவில் படுக்கையில் போய்விடுவாய் என்று எல்லா வீடுகளிலும் சொல்லப்பட்ட எச்சரிக்கை, குழந்தையை அடுப்பிலிருந்து விலக்குவதற்கு உதவியது. நனைந்த பாயோடு எழுந்த குழந்தைக்கு, நேற்று தீப்பெட்டியைத் தொடாத நிலையிலும், செய்யாத குற்றத்தின் அவமானத்தையும் அது சேர்த்தே கொடுத்தது.

அரசுப் பள்ளிகளில் காலை இடைவேளைக்கான மணிக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஒன்னுக்கு பெல். அது அடித்ததும் ஆண்பிள்ளைகள் பின்சுவரை நோக்கி ஓடி, யாருடையது உயரமாக எட்டுகிறது என்ற போட்டியில் சுவரின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்த அதே பத்து நிமிடங்களில், பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது அப்போது யாருக்கும் ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை. அவர்களுள் பலர் எங்கும் போகவில்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வந்து, மாலை வீடு திரும்பும்வரை அடக்கியிருந்தார்கள். அவர்களுடைய தாய்மாருக்கும் விதி வேறாக இல்லை. விடியும் முன்னர் ஒருமுறை, இருட்டிய பின்னர் ஒருமுறை, ஏரிக்கரைக் கருவேல மறைவுக்குக் கூட்டமாகச் சென்று ஒதுங்கித் திரும்புவதே வழக்கமாக இருந்த ஊர்களில், பகல் முழுவதும் ஒரு பெண்ணின் சிறுநீர்ப்பை சூரியனின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டது. பெண்ணின் சிறுநீர்ப் புறவழி, அதாவது பையிலிருந்து வெளியே செல்லும் குழாய், ஏறத்தாழ 4 சென்டிமீட்டரே நீளமுடையது. ஆணுக்கு அது 20 சென்டிமீட்டர். வெளிக்கிருமிகள் ஏறிச்செல்லும் தொலைவு இவ்வளவு குறைவாக இருக்க, அவற்றை அடித்துக்கொண்டு போகும் ஓட்டத்தையும் நாள் முழுவதும் நிறுத்திவைத்தால் தொற்று ஏற்படுவது எளிது. பதினான்கு வேகங்கள் என்ற பெயரில் சித்த மருத்துவம் அடக்கலாகாதவை எனப் பட்டியலிட்ட உடலின் உந்துதல்களுள் சிறுநீரும் ஒன்று. ஆயாவும் “அடக்கக் கூடாது சாமி” என்று பேரன்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் தாமும் தம் மருமகள்களும் அடக்கிய பகல்களைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. வீடுதோறும் கழிப்பறை கட்டப்பட்ட பின்னர் இந்த வழக்கம் பெருமளவு மறைந்துவிட்டது. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பெண்களிடம் மட்டும் இன்றும் தொடர்கிறது.

சிறுநீரைக் கொண்டு நோயறியும் கலையும் இதற்கிடையே உருமாறியது. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைப்படி, விடியற்காலைச் சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றைப் பார்த்தபின், அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை அசையாமல் விட்டு அது பரவும் வடிவத்தைக் கவனிப்பார்கள். பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் திரண்டு நின்றால் கபம் என்று கொள்வார்கள். எண்ணெய்த்துளி பரவுவது நீர்மத்தின் மேற்பரப்பு இழுவிசையைப் பொறுத்தது, பித்த உப்புகளும் புரதமும் அவ்விசையை மாற்றவல்லவை என்ற அளவில் அக்கவனிப்புக்கு ஓர் இயற்பியல் அடிப்படை உண்டு. அதிலிருந்து முழு நோய்க்கணிப்பு வரை செல்லும் தூரத்துக்கு அது போதாது. அரசு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்திலோ, சோதனைக்குழாயில் நீலநிறப் பெனடிக்ட் கரைசலோடு எட்டுத் துளி சிறுநீரைச் சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்கள். சர்க்கரை இல்லையெனில் நீலம் நீலமாகவே நிற்கும்; இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என மாறிச் செங்கல் சிவப்பில் முடியும். ரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது குழல்களின் மீட்கும் திறன் நிரம்பிவிடுவதால் மிஞ்சியது வெளியே வழிகிறது என்பதே இதன் அடிப்படை. குழாயின் நிறம் மாறுவதைச் சன்னல் கம்பி வழியே எட்டிப்பார்த்துக்கொண்டு, தம் சிறுநீர் என்ன நிறத்தில் நிற்கப்போகிறது என்று காத்திருந்த வேட்டி கட்டிய பெரியவர்களின் வரிசை, காகிதப்பட்டையை நனைத்துச் சில நொடிகளில் முடிவு சொல்லும் இன்றைய கூடங்களில் இல்லை.

இவ்வளவு சோதனைகளுக்கிடையே, தர்மபுரிக்காரர்களின் சிறுநீர் சொல்லிக்கொண்டிருந்த வேறொரு செய்தியை நீண்டகாலம் யாரும் கேட்கவில்லை. இம்மாவட்டத்தின் நிலம் பெரும்பாலும் கிரானைட், நைஸ் வகையைச் சேர்ந்த மிகப் பழைய கெட்டிப்பாறைகளால் ஆனது. அவற்றிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு, அதாவது ஃப்ளோரின் தனிமத்தின் கரையும் வடிவம், நிலத்தடி நீரில் சேர்கிறது. நீர் பாறையோடு எவ்வளவு காலம் தங்குகிறதோ, அதில் கால்சியம் எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவுக்கு ஃப்ளோரைடு மிகும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், இம்மாவட்டத்தின் பல ஊர்களில் அது மீறப்பட்டிருந்தது. பழைய திறந்த கிணறுகளிலும் ஃப்ளோரைடு இல்லாமல் இல்லை, எனினும் மழையில் ஊறிய மேல்மட்ட நீர் அதனை ஓரளவு நீர்க்கச் செய்தது. மழை பொய்த்து, மின்மோட்டார்கள் பெருகி, கிணறுகள் வறண்டபோது, திருச்செங்கோட்டிலிருந்து வந்த ரிக் லாரிகள் இரவு பகலாகப் பாறையைத் துளைத்தன. தண்ணீர் பீறிட்டு எழுந்த இடத்தில் தேங்காய் உடைக்கப்பட்டது. அடிபம்பில் முதல் குடத்தைப் பிடிக்கப் பெண்களிடையே போட்டியும் இருந்தது. வறண்ட ஊருக்கு அது வரமாகவே தோன்றியது, தோன்றியதில் தவறும் இல்லை. தெளிந்தும் குளிர்ந்தும் இருந்த அந்த நீரில் நிறமோ மணமோ சுவையோ இல்லாத ஒன்று கலந்திருப்பதை நாக்கு அறிய வழியில்லை.

பற்கள் அறிந்தன. நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் எட்டு வயதுக்குட்பட்ட காலத்தில் மிகுதியான ஃப்ளோரைடு உட்சென்றால், எனாமல் துளைமிகுந்ததாக உருவாகி, முதலில் சுண்ணாம்பு வெண்மையும் பின்னர் பழுப்புப் பட்டையும் தோன்றுகின்றன. கறை மேற்பரப்பில் படிந்ததன்று, பல்லோடு பிறந்தது என்பது தெரியாமல், வேப்பங்குச்சி, உப்பு, அடுப்புக்கரி, செங்கல்பொடி என்று ஈறு புண்ணாகும்வரை தேய்த்தவர்கள் ஏராளம். வெளியூர்க் கல்லூரிகளில் சேர்ந்த இளைஞர்கள் கையால் வாயை மறைத்துச் சிரிக்கப் பழகினார்கள், பெண்பார்க்க வந்த இடத்தில் பல்லைப் பற்றிய பேச்சு தாழ்ந்த குரலில் நடந்தது. ஆனால் பல் என்பது கண்ணுக்குத் தெரிந்த சிறுபகுதியே. உடலிலுள்ள ஃப்ளோரைடில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்குகிறது; ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு தடித்து, தசைநார்கள் இறுகி, முதுகு விறைத்து, கழுத்தைத் திருப்ப இயலாமல் உடலோடு திரும்பிப் பார்க்கும் முதியவர்கள் தெருவுக்குச் சிலர் இருந்தார்கள். வாதம் என்றும், வயது என்றும், சுமை தூக்கிய தேகம் என்றும் அது விளக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937-இலேயே ஃப்ளோரோசிஸ் எனப்படும் இந்நோய் மருத்துவர்களால் விவரிக்கப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போது, சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தர்மபுரியின் தெருக்களை அந்த அறிவு வந்தடைய எடுத்துக்கொண்ட காலம் வியப்பளிக்கிறது.

உட்சென்ற ஃப்ளோரைடைத் திருப்பி அனுப்பும் முதன்மை உறுப்பு சிறுநீரகமே. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ பாதி சிறுநீரில் வெளியேற, மறுபாதி எலும்பை அடைகிறது. வளரும் எலும்பையுடைய குழந்தைகளில் எலும்பின் பங்கு இன்னும் கூடுதல். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அவ்வாறே. குளோமருலஸில் தடையின்றி வடியும் ஃப்ளோரைடில் எவ்வளவு திரும்ப ரத்தத்துக்குள் போகும் என்பது சிறுநீரின் அமிலத்தன்மையைப் பொறுத்தது. அமிலம் மிகுந்த சிறுநீரில் ஃப்ளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து மின்னூட்டமற்ற மூலக்கூறாகி, குழலின் சுவரை எளிதில் கடந்து உள்ளே திரும்பிவிடுகிறது. காய்கறியும் பழமும் மிகுந்த உணவால் அமிலம் குறைந்த சிறுநீரில் அது மின்னூட்டத்துடன் சிக்கி வெளியேறிவிடுகிறது. ஒரே அடிபம்பில் நீர் பிடித்த இரு வீட்டாரில் ஒரு வீட்டார் மட்டும் விறைத்துப்போனதற்கு அவர்களுடைய உணவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

உணவைப் பற்றிய இன்னொரு செய்தி இம்மாவட்டத்துக்கு நெருக்கமானது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புளி சேர்த்து உண்ட பள்ளிச் சிறுவர்களின் சிறுநீரில் ஃப்ளோரைடு வெளியேற்றம் உயர்ந்ததாகக் கண்டார்கள். சாலையின் இருமருங்கும் புளியமரங்கள் நின்ற, மாசி பங்குனியில் வீட்டு வாசலெல்லாம் புளி கொட்டை எடுக்கும் பெண்கள் அமர்ந்த ஒரு வட்டாரத்தில், நாள்தோறும் களியோடு புளிக்குழம்பு உண்டவர்கள் சுவைக்காகவே அதை உண்டார்கள். களிக்கும் பங்கு உண்டு: 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் உள்ளது, குடலில் கால்சியம் ஃப்ளோரைடைப் பிணைத்து, கரையாத பொருளாக்கி, அதன் ஒரு பகுதியை ரத்தத்தை அடையவிடாமல் மலத்தோடு அனுப்பிவிடுகிறது. கிணற்றுநீரிலிருந்து போர் தண்ணீருக்கு ஊர் மாறிய அதே காலத்தில்தான் களியிலிருந்து ரேஷன் அரிசிச் சோற்றுக்கும் மாறியது. ஃப்ளோரைடு கூடிய வேளையில் அதைத் தடுக்கக்கூடிய கால்சியம் தட்டிலிருந்து குறைந்தது. இரண்டு மாற்றங்களையும் ஊர் முன்னேற்றமாகவே கொண்டாடியது. புளியும் கேழ்வரகும் நல்ல நீருக்கு மாற்றாகிவிடும் என்று இதனால் கருதிவிடக் கூடாது. நீரை மாற்றுவதைத் தவிர இந்நோய்க்கு வேறு தடுப்பு இல்லை.

நீர் மாறியது காவிரியால். 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் ஆற்றுநீரைக் கொண்டுசேர்த்தது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஒரு நோயின் பெயரும் இடம்பெறுவது அரிது. ஏறத்தாழ அதே காலத்தில் மத்திய அரசு தொடங்கிய தேசிய ஃப்ளோரோசிஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், குடிநீரையும் சிறுநீரையும் சேர்த்துப் பரிசோதிக்கும் கூடங்கள் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அமைந்தன. ஃப்ளோரைடுக்கு மட்டும் வினைபுரியும் மின்வாயைக் குப்பியிலுள்ள சிறுநீரில் தோய்த்து அளவை நேரடியாகப் படிக்கிறார்கள். முதல்நாள் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்த ஊர்ப் பெரியவர்கள் சிலர், ஆற்றுத்தண்ணீர் சப்பென்று இருக்கிறது, போர் தண்ணீரின் ருசி இதில் இல்லை என்று குறைப்பட்டு, சமையலுக்குக் குழாய்நீரும் குடிப்பதற்குப் பழைய நீருமாகச் சில காலம் பிடிவாதம் பிடித்ததுண்டு.

நீர் மாறிய அன்றே சிறுநீர் மாறிவிடுவதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பார்ட்லெட் என்ற சிற்றூரில், லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஃப்ளோரைடு கொண்டிருந்த குடிநீர் 1952-இல் சுத்திகரிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு மில்லிகிராமுக்குக் குறைக்கப்பட்ட பிறகு, ஊராரின் சிறுநீர் தொடர்ந்து சோதிக்கப்பட்டது. முதல் வாரத்திலேயே ஃப்ளோரைடு வேகமாகக் குறைந்தாலும், இரண்டு ஆண்டுகள் கடந்த பின்னும் அது குடிநீரில் இருந்ததைவிடக் கூடுதலாகவே காணப்பட்டது. எலும்பு ஓயாமல் கரைந்து ஓயாமல் கட்டப்படும் திசு என்பதால், முன்பு அதில் தங்கிய ஃப்ளோரைடு சிறிது சிறிதாக ரத்தத்தில் இறங்கி, சிறுநீரகத்தின் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களின் முதியவர் ஒருவருடைய சிறுநீரில் அளவு உயர்ந்திருந்தால், அவர் இன்னும் அடிபம்பு நீரையே குடிக்கிறார் என்று உடனே முடிவுகட்ட இயலாது. அவர் அதைக் குடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஊரின் இன்றைய நீரை அறிய வேண்டுமானால், குழாய் வந்த பின்னர் பிறந்து அந்த நீரையே குடித்து வளரும் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரைப் பார்ப்பதே பொருத்தம். குழாய்நீர் வராத நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிக் கலந்துவிடும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருப்பதால், அப்பிள்ளைகளின் குப்பிகளிலும் அளவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.